ஒரு மணி நேரத்துக்கான மனு

ஆர்லிஸ் டில்மன் இறந்து ஐந்தாவது சனிக்கிழமைதான் மண்ணுக்குள் போனார். இந்தத் தாமதத்துக்கு இறந்தவர் எவ்விதத்திலும் பொறுப்பல்ல என்று டன்லேவி கவுன்டி என்னும் மாவட்டத்தின் பாரம்பரியத் தீர்மானக் குழு தன் அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் பெருந்தன்மையோடு குறிப்பிட்டிருக்கிறது.

அவர் கவுன்டி நீதிமன்றக் கட்டடத்தை இருபத்தேழு வருடம் பராமரித்தவர். குழாய் அடைப்பு, கொதிகலன், புல்வெட்டு, இவற்றோடு வாசலில் இருக்கும் மூன்று கொடிகளும் அவர் பொறுப்பு. முதல் கம்பத்தில் நாட்டின் கொடி. இரண்டாவதில் மாநிலத்தின் கொடி. மூன்றாவதில், சிவப்புத் துணியின் குறுக்கே இரண்டு நீலப் பட்டைகளும் அவற்றின் மேல் பதின்மூன்று வெள்ளை நட்சத்திரங்களும் கொண்ட கொடி. அடிமைகளை விட மாட்டோம் என்று நூற்றறுபது வருடத்துக்கு முன் நாட்டின் தென் மாநிலங்கள் நடத்திய போரின் கொடி அது. போர் தோற்றுப்போனது. கொடிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

யாரைச் சொத்தாக வைத்துக்கொள்ள அந்தப் போர் நடந்ததோ அவர்கள் வழியில் வந்த ஆர்லிஸ், காலை எட்டு மணிக்கு அதை ஏற்றுவார், மாலை ஐந்து மணிக்கு இறக்குவார். இதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை. மருத்துவமனையில் கடைசி மாலை, மனைவி வெர்னெல் அவர் காலுக்குப் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தபோதுதான் பேசினார்.

"இத்தனை வருஷமும் நின்னுக்கிட்டு அதை அண்ணாந்து பார்த்தேன், வெர்னெல். கடைசித் தடவை படுத்துக்கிட்டுப் பார்க்க வேணாம்."

வெர்னெல் தலையாட்டினாள். இது பெரிய விஷயமில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தேவாலயத்திலிருந்து அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வழி. ஓடைப் பாலம் வழியாகப் போனால் நீதிமன்றத்தைப் பார்க்கவே வேண்டாம். ஆனால் பாலம் எட்டு வருடத்துக்கு முன் வெள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்ததா, சாய்ந்ததா என்று தீர்மானிக்க ஒரு குழு இருக்கிறது. மீதி இருப்பது நீதிமன்றச் சதுக்கம் வழி ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை அவள் கவுன்டி அலுவலகத்து ஜன்னலுக்கு முன் நின்றாள்.

"சனிக்கிழமை பத்து மணியிலேருந்து பதினொண்ணு வரைக்கும்மா. சவ வண்டி தாண்டிப் போற வரைக்கும் அந்த மூணாவது கொடியை மட்டும் இறக்கி வெச்சாப் போதும். அப்புறம் ஏத்திக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வெர்னெலுக்கு அறுபத்தாறு. "ஐயோ கண்ணு," என்றாள் அவள், கண்ணில் நிஜமாகவே நீர் தளும்ப. "ஆர்லிஸ் போனது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மாடி டாய்லெட்ல நாலு நாளா தண்ணி நிக்கவே இல்ல."

பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், முகவரி, கொடி எண். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் பாரம்பரியம். இன்னொன்றில் வெறுப்பு. ஒன்றில் மட்டும் குறியிடவும்.

"இது ரெண்டும் நான் கேக்கலியேம்மா. ஒரு மணி நேரம்தான் கேக்குறேன்."

"கேக்காட்டியும் போட்டாகணும் கண்ணு. பாரம்பரியம்னா சட்டப்படி பகல்ல இறக்கக் கூடாது. வெறுப்புன்னா, இவ்வளவு நாள் அதை ஏத்துனது யாருன்னு விசாரணை வரும்."

ஏற்றியது யாரென்று இருவருக்கும் தெரியும். வெர்னெல் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். கடைசியில் இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டுக் கொடுத்தாள். அவள் செய்த தவறு அதுதான். கட்டம் வெறுமையாக இருந்தால், கேள்வி நிலுவையில் இருப்பதாக அர்த்தம். கேள்வி நிலுவையில் இருந்தால் குழு கூட வேண்டும். குழு முடிவெடுக்கும்வரை கொடியை யாரும் அசைக்கக் கூடாது, அதாவது மாலையிலும் இறக்கக் கூடாது.

ஆக, ஒரு மணி நேரம் இறக்கச் சொல்லிக் கேட்டவளின் மனுவால், அதுவரை பகலில் மட்டும் பறந்த கொடி அன்றிலிருந்து இரவும் பகலும் பறக்கத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை தேவாலயத்துப் பெண்கள் அடக்கத்துக்குப் பின் சாப்பிடுவதற்காக நூற்றைம்பது பேருக்குக் கோழி பொரித்தார்கள். அடக்கம் தள்ளிப்போனது. கோழி தள்ளிப்போகாது என்பதால் சாப்பிட்டார்கள்.

*

குழுவில் ஏழு பேர். பாரம்பரியத் தரப்பில் போர்வீரர் வாரிசுகள் சங்கத்து மூவர், வெறுப்புத் தரப்பில் மூவர், நடுவில் தலைவர் வெண்டல் க்ரிம்ஸ்லி. டிராக்டர் விற்பவர், எல்லோரிடமும் குனிந்து கைகொடுப்பவர். வெறுப்புத் தரப்பில் உட்கார ஊரில் நம்பகமான ஆள் கிடைக்கவில்லை. அதனால் அதே சங்கத்திலிருந்து இன்னும் மூன்று பேர் முன்வந்து, சட்டையில் மஞ்சள் வில்லை குத்திக்கொண்டு, இடப்பக்க நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

முதல் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து லூவீனியா எழுந்தாள். வெர்னெலின் தோழி, பள்ளி நூலகத்தில் முப்பது வருடம் எல்லோரையும் வாயை மூடச் சொன்னவள், ஓய்வு பெற்ற பின் தன் வாயைத் திறந்திருந்தாள்.

"எங்க சர்ச்சுல நானூறு பேர் இருக்கோம். ஒருத்தர்கூடக் கிடைக்கலியா உங்களுக்கு?"

க்ரிம்ஸ்லி புன்னகைத்தார். "உங்களுக்கு இதுல சொந்த அனுபவம் இருக்கும்மா. சொந்த அனுபவம் இருக்கிறவங்க நடுநிலையா யோசிக்க முடியாதில்லியா?"

"அப்போ அந்த அம்மா?" லூவீனியா வலப்பக்க நாற்காலியில் இருந்த சங்கத்தின் தலைவி அடலேட் ஃபான்ட்ரென்னைக் காட்டினாள்.

"அவங்களுக்கு எந்தப் பாதிப்பும் கிடையாதே. அதனாலதான் அவங்களால தெளிவாப் பார்க்க முடியுது."

பேசுகிற ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். நேரத்தை அளக்கத் தலைவரின் மேசையில் கோழி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம் இருந்தது. மூன்று நிமிடம் ஆனதும் அது கொக்கரிக்கும்.

அடலேட் அம்மையார் எழுந்து, கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டார். "வெறுப்புன்னு சொல்றாங்க. என் கொள்ளுத்தாத்தாவுக்கு வெறுப்புன்னா என்னன்னே தெரியாது. எழுபத்திரெண்டு பேரை வெச்சிருந்தாரு. ஒவ்வொருத்தருக்கும் அவரே பேரு வெச்சாரு. வெறுக்கிறவங்க பேரு வெப்பாங்களா? அவங்கள்ல யாராவது ஓடிப்போயிட்டா மனுஷன் சோறு தண்ணி இல்லாம தேடுவாரு. நாயையெல்லாம் கூட்டிக்கிட்டு, ஆத்தங்கரையெல்லாம் தேடுவாரு. கிடைச்சாத்தான் நிம்மதி. அந்தப் பாசம் இந்தக் காலத்துல எந்த முதலாளிக்கு வருது?"

கைதட்டல் எழுந்தது. கோழி கொக்கரித்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மையார் இன்னும் பதினோரு நிமிடம் பேசினார். எழுபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேரின் பெயர் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. டில்மன் என்ற பெயரை முதலில் யார் வைத்திருப்பார் என்று வெர்னெல் அதுவரை யோசித்ததில்லை. பட்டியலைக் கேட்டுக்கொண்டே மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் லூவீனியா சொன்னாள்: "நாயைக் கூட்டிக்கிட்டுத் தேடினாராம்டி. எவ்வளவு பாசம்! எனக்கு அழுகையே வந்துடுச்சு."

வெர்னெல் மூன்றாவது கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து கொடி கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தது.

*

அடுத்த வாரம் லூவீனியா ஆவண அறைக்குப் போய், 1962-ஆம் வருடத்துக் கூட்டக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள். இரண்டாம் கூட்டத்தில் தன் மூன்று நிமிடத்துக்குள் அதை வாசித்தாள். நூலகத்தில் வாசிக்கிற அதே தாழ்ந்த குரல்.

"கறுப்புப் பிள்ளைகள் நால்வர் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப்பட்டிருப்பதை முன்னிட்டும், அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் தங்கள் இடத்தை மறவாதிருக்கும் பொருட்டும், அவர்கள் தினமும் கடந்துசெல்லும் நீதிமன்ற வாசலில் மேற்படி கொடியை நிரந்தரமாக ஏற்றுவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

வெர்னெலுக்கு முதல்முறையாக நெஞ்சு லேசானது. எழுதியே வைத்திருக்கிறார்கள். இனி என்ன பேச்சு?

கவுன்டி வழக்கறிஞர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இது எந்த வருஷம்னு சொன்னீங்க?"

"அறுபத்திரெண்டு."

"அப்போ அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு." அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்தார். "நம்ம கவுன்டி விதி பன்னிரண்டு. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட எதுவும் பாரம்பரியப் பொருளாகக் கருதப்படும். கட்டடம், கிணறு, மரம், வேலி, 'எதுவும்'னுதான் போட்டிருக்கு. ஏத்தினப்போ அது வெறுப்புதான், மறுக்கல. ரொம்பத் தெளிவாவே எழுதியிருக்காங்க. ஆனா வெறுப்பு ஐம்பது வருஷம் தாண்டிட்டா, சட்டத்தோட பார்வையில அது பாரம்பரியம்."

க்ரிம்ஸ்லி நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு பழைய ஆவணத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்த சகோதரிக்கு நாம நன்றி சொல்லணும். இந்தத் தீர்மானத்தையே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம்னு நினைக்கிறேன்."

அது சட்டம் போட்டு மாட்டப்பட்டது. இப்போதும் நீதிமன்ற நடைக்கூடத்தில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமையும் கோழி பொரித்தார்கள், மக்ரோனி சுட்டார்கள், வெண்ணெய் கேக் செய்தார்கள். "உன் புருஷன் போனதிலேருந்து நான் ரெண்டு சுத்துப் பெருத்துட்டேன்," என்றாள் லூவீனியா. "இன்னும் ஒரு கூட்டம் நடந்தா என்னைத் தூக்கத் தனியா ஆள் வேணும்."

அடக்க நிலையத்து ஹோசியா வெர்னெலைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வருடமாகத் துக்க வீடுகளில் தாழ்ந்தே பேசியதால் அவர் குரல் இயல்பிலேயே தணிந்துவிட்டது.

"சிஸ்டர், ஆர்லிஸ் நல்லாத்தான் இருக்காரு. நான் வேலையைச் சுத்தமாப் பண்ணியிருக்கேன். ஆனா அவரும் எத்தனை நாள் பொறுப்பாரு? இன்னும் ரெண்டு சனிக்கிழமை. அதுக்கு மேல உடம்புக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

*

மூன்றாவது கூட்டத்துக்குள் சங்கம் ஒரு புது விஷயத்தைக் கொண்டுவந்தது. 1962-இல் சங்கம் கொடுத்தது கடையில் வாங்கிய கொடி அல்ல. போர்க்களத்திலேயே பறந்த கொடி. இதை உறுதிசெய்யத் தலைநகரிலிருந்து பழந்துணி வல்லுநர் ஒருவர் வந்தார். கொடியை இறக்கக் கூடாது என்பதால், தீயணைப்பு வண்டியின் ஏணியை நீட்டி, அவரை மேலே அனுப்பினார்கள். தொடவும் கூடாது என்பதால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியைப் பல்லில் கடித்தபடி ஆய்வு செய்தார். காற்று வீசியபோதெல்லாம் கொடி அவர் முகத்தில் அறைந்தது. அது தொடுவதில் சேராது என்று வழக்கறிஞர் கீழே இருந்து சொன்னார்.

மாலையில் வல்லுநர் அறிக்கை வாசித்தார்.

"கைத்தையல். ஒவ்வொரு மூலையிலயும் ரெட்டை முடிச்சு போட்டு, நூலைப் பின்னுக்கு இழுத்துத் திரும்பத் தைச்சிருக்காங்க. இந்த வேலைப்பாடு பெரிய பண்ணை வீட்டுச் சீமாட்டிகளுக்கு மட்டும்தான் கைவரும். தைக்கிறப்போ அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டா. அந்த மௌனம் நூல்ல தெரியுது. இன்னொண்ணு. மேலேயிருந்து ரெண்டாவது நட்சத்திரத்துல ஒரு துளை இருக்கு. அழகாச் சுத்தித் தைச்சு மூடியிருக்கு. அளவைப் பார்த்தா, துப்பாக்கிக் குண்டு."

அடலேட் அம்மையார் அழுதார். வெறுப்புத் தரப்பின் மூவரும் மஞ்சள் வில்லையோடு சேர்ந்து அழுதார்கள்.

வெர்னெல் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆர்லிஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கொடியின் ஓரம் நைந்துபோனது. புதுக் கொடி வாங்கச் சட்டம் விடவில்லை. கிழிந்தால் பராமரிப்பாளரின் அலட்சியம் என்று எழுதுவோம் என்றார்கள். அவர் அதை மளிகைக் கடைக் காகிதப் பையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெர்னெல் சாப்பாட்டு மேசையிலிருந்த தட்டுகளை எடுத்துவிட்டு, விரித்துத் தைத்தாள். அவள் தைத்து முடிக்கும்வரை ஆர்லிஸ் வெளியே டிரக்கில் ஏறி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மேசையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். பிறகு சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் இப்படி. ஒட்டுப் போட வேறு துணி ஏது? சிவப்புக்கு அவளுடைய கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பு. நீலத்துக்கு ஆர்லிஸின் கவுன்டிச் சீருடைக் கால்சட்டைகள். நட்சத்திரங்களுக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டைகள். இருபத்தேழு வசந்தத்தில் பழைய துணியில் ஓர் இழைகூட மிஞ்சவில்லை. ரெட்டை முடிச்சு காற்றுக்காகப் போட்டது. ஒரு வருடம் துணி போதாமல் சட்டையின் முன்பக்கத்திலிருந்தே ஒரு நட்சத்திரத்தை வெட்டினாள். அதில் மூன்றாவது பட்டனின் துளை வந்துவிட்டது.

அதைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

*

நான்காவது கூட்டத்தில் வெர்னெல் தன் மூன்று நிமிடத்தைக் கேட்டு வாங்கினாள். க்ரிம்ஸ்லி கோழியைத் திருகிவிட்டார்.

"சார், அது குண்டுத் துளை இல்ல. பட்டன் துளை. என் வீட்டுக்காரர் சட்டையோடது. அதைத் தைச்சது நான்தான்."

"மிஸ் வெர்னெல்," என்றார் க்ரிம்ஸ்லி, வயதான பெண்களை அழைக்கும் ஊர் வழக்கப்படி, மென்மையாக, "துக்கத்துல மனசு என்னென்னமோ நினைக்கும்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். முன்பக்கத்தில் நட்சத்திர வடிவத்தில் ஓர் ஓட்டை. அதற்கு மேலே இரண்டு பட்டன் துளைகள், கீழே மூன்று. அவள் ஊசியில் நூல் கோத்து, எல்லோரும் பார்க்க ரெட்டை முடிச்சைப் போட்டு, பின்னுக்கு இழுத்துத் தைத்துக் காட்டினாள். மறுபடி வந்திருந்த வல்லுநர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நிமிர்ந்தபோது கிளம்பத் தன் மேல்கோட்டைத் தேடினார்.

"அது கொடியே இல்ல சார். எங்க வீட்டுத் துணி. சட்டை, கால்சட்டை, மேசைவிரிப்பு. சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் கேக்குறேன்."

கோழி கொக்கரித்தது. இந்த முறை எல்லோரும் அதைப் பொருட்படுத்தினார்கள்.

குழு மூடிய அறைக்குள் போய், நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தது. க்ரிம்ஸ்லியின் முகத்தில் ஒளி வந்திருந்தது.

"நண்பர்களே, நாலு வாரமா நாம எதைத் தேடிக்கிட்டிருந்தோமோ அது நம்ம கண்ணு முன்னாடியே உட்கார்ந்திருந்திருக்கு. இந்தக் கொடி வெறுப்புன்னாங்க. ஒரு கறுப்பினத்துச் சகோதரி, இருபத்தேழு வருஷம், தன் புருஷன் சட்டையை வெட்டி, தன் சாப்பாட்டு மேசையில வெச்சுத் தைச்சிருக்காங்க. ஒரு சத்தம் போடல. ஒரு புகார் இல்ல. வெறுக்கிற ஒண்ணுக்கு யாராவது இப்படிச் செய்வாங்களா? இதுக்குப் பேரு அன்பு. வெறுப்புன்ற வாதம் இன்னியோட செத்துப்போச்சு."

"வேலை போயிடும்னு தைச்சேன் சார்," என்றாள் வெர்னெல்.

"பாருங்க, என்ன பணிவு!" என்றார் அடலேட் அம்மையார். வெர்னெலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுலயும் உங்களை மாதிரிதான் ஒருத்தி இருந்தா."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெறுப்புத் தரப்பும் ஆதரித்தது. கொடி பாரம்பரியமே. வெர்னெல் டில்மன் அதன் 'பாரம்பரியக் கரம்' என்று பதிவேட்டில் எழுதப்படுகிறாள். இனி அந்தக் கரத்தைத் தவிர வேறு எந்தக் கரமும் கொடியைத் தைக்கவோ புதுப்பிக்கவோ கூடாது. அந்தக் கரமும் குழு கேட்டுக்கொண்டால் மட்டுமே தொடலாம்.

வெர்னெல் மெதுவாக எழுந்தாள். "அப்போ ஓரம் கிழிஞ்சிருக்கு சார். ராத்திரி பகலா மழையில கிடந்து நைஞ்சுபோச்சு. சனிக்கிழமை பத்து மணிக்கு இறக்கிக் கொடுங்க. பதினொண்ணுக்குள்ள தைச்சுத் தந்துடுறேன்."

வழக்கறிஞர் சிரித்தே விட்டார். பிறகு வருத்தப்பட்டார். "துக்கத்தோட சேர்ந்து வர்ற பழுது, பழுதாகாதும்மா. அது போராட்டம்."

*

ஐந்தாவது சனிக்கிழமை காற்று பலமாக இருந்தது.

ஹோசியாவின் கறுப்பு வண்டி முன்னே போக, பின்னால் முப்பது வண்டிகள் விளக்கை எரியவிட்டுக்கொண்டு ஊர்ந்தன. எதிரே வந்த வண்டிகளெல்லாம் இந்த ஊர் வழக்கப்படி ஓரம் கட்டி நின்றன. சோளம் ஏற்றிவந்த டிரக்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடைசி வண்டி போகும்வரை தலை குனிந்து நின்றார். டிரக்கின் பின்புறத்தில் அதே கொடி ஒட்டப்பட்டிருந்தது. அவர் நின்ற விதத்தில் பொய் எதுவும் இல்லை. அதுதான் வெர்னெலுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சதுக்கம் வந்தது. சவ வண்டி கொடிமரங்களைக் கடக்க ஒன்பது வினாடி ஆனது. அவள் எண்ணினாள். அந்த ஒன்பது வினாடியும் அவள் அண்ணாந்து பார்த்தாள், அவருக்குப் பதிலாகத் தான் பார்த்துவிட்டால் போதும் என்பதைப் போல. சிவப்பு கிழிந்து நான்கு கீற்றாகப் பறந்தது. நீலம் கழன்று தொங்கியது. நட்சத்திரங்கள் மட்டும் அசையவில்லை. பட்டன் துளை இருந்த நட்சத்திரம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. ரெட்டை முடிச்சு.

கொஞ்சம் மோசமாகத் தைத்திருக்கலாம் என்று நினைத்தாள். ஒரு வருடமாவது.



*

செவ்வாய்க்கிழமை காலை க்ரிம்ஸ்லி அவள் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் எலுமிச்சைக் கேக். இன்னொரு கையில் மளிகைக் கடைக் காகிதப் பை.

"மிஸ் வெர்னெல், ஞாயித்துக்கிழமைக் காத்துல கயிறு அறுந்து கீழே விழுந்துடுச்சு. நாங்க இறக்கல, அதுவா விழுந்தது, அதனால சட்டச் சிக்கல் இல்ல. ஆனா விதிப்படி உங்க கையைத் தவிர வேற யாரும் தைக்கக் கூடாதாம். குழு அதிகாரப்பூர்வமாக் கேட்டுக்குது."

வெர்னெல் பையை வாங்கிக்கொண்டாள். கேக்கை வாங்கவில்லை. உள்ளே போய், சாப்பாட்டு மேசையில் இருந்த ஒற்றைத் தட்டை எடுத்துவிட்டு, துணியை விரித்தாள். அவர் கதவருகில் தயங்கியபடி நின்றார். அவள் சிறு கத்தரியை எடுத்து, இரண்டாவது நட்சத்திரத்தின் முடிச்சுக்கு அடியில் நுழைத்தாள்.

"அது, பிரிக்கிற மாதிரி இருக்கே மிஸ் வெர்னெல்?"

"தைக்கிறதா, பிரிக்கிறதான்னு இன்னும் முடிவாகல சார். நிலுவையில இருக்கு." முடிச்சு அறுந்தது. அவள் நூலை இழுத்தாள். "குழு போட்டிருக்கோம். சர்ச்சுல ஏழு பேர். உங்களைச் சேர்க்க முடியாது, உங்களுக்குச் சொந்த அனுபவம் இருக்கு. வேணும்னா வந்து பேசுங்க. மூணு நிமிஷம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அதுவரைக்கும் கம்பம் வெறுமையா நிக்குமே? எவ்வளவு நாள் ஆகும்?"

வெர்னெல் நட்சத்திரத்தைத் தனியே எடுத்து, பட்டன் துளையைச் சுற்றியிருந்த நூலை ஒவ்வோர் இழையாக உருவினாள். பிறகு துளை வழியாக ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"ஐம்பது வருஷம் நின்னா வெறும் கம்பமும் பாரம்பரியம்தானே சார்," என்றாள். "விதி பன்னிரண்டு."